இரவு வண்டியின் நிறம்

பகலில் புகைவண்டி ஒரு வண்டியாகத் தோன்றுகிறது. இரவிலோ அது ஒரு விளக்கு வரிசையாகவே தோன்றுகிறது. எஞ்சினின் முகப்பு விளக்கு, பெட்டிகளின் சன்னல் வெளிச்சம், கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு, நிலையத்து மேடை விளக்குகள், தொலைவிலுள்ள கைகாட்டியின் பச்சை ஒளி ஆகிய எல்லாம் சேர்ந்தே இரவு வண்டி என்ற காட்சியை நமக்கு அளிக்கின்றன. ஆனால் இவற்றுள் ஒரு விளக்கின் ஒளி மற்றொன்றின் ஒளியைப் போன்றதன்று. ஒன்று மஞ்சள் சாயல் உடையது. ஒன்று நீலச் சாயல் உடையது. மற்றொன்றில் பசுமை கலந்திருக்கும். நம் கண் இவ்வேறுபாட்டைப் பெரிதும் பாராட்டுவதில்லை. காமிராவோ அதை அப்படியே பதிவு செய்துவிடுகிறது. ஆகையால் இரவில் எடுத்த வண்ணப் படத்தில் வெள்ளைச் சுவர் ஆரஞ்சு நிறமாகவும், செந்நிறப் பெட்டி கறுத்தும் காணப்படுவதுண்டு. இந்த மாறுபாட்டைச் சீர்செய்வதையே நிறச் சமன் செய்தல் என்று சொல்கிறோம்.

இது படம் பிடிப்போரின் தொழில் நுட்பம் மட்டுமே என்று நேயர்கள் எண்ணலாம். ஆனால் வரலாற்றில் பற்றுடையோர் அனைவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்திலிருந்து நீராவி எஞ்சின் மறைந்துவிட்டது. இந்தியாவில் பல்லாண்டுகள் ஓடிய கருஞ்சிவப்புப் பெட்டிகள் 1990களிலிருந்து படிப்படியாக நீல நிறப் பெட்டிகளுக்கு இடம் விட்டன. தெருக்களையும் இரயில் நிலையங்களையும் மஞ்சள் வெள்ளத்தில் ஆழ்த்திய சோடியம் விளக்குகளும் மறைந்து வருகின்றன. இவற்றின் இரவுத் தோற்றம் இனிப் படங்களில்தான் உண்டு. அப்படங்களை இன்று பலர் கணிப்பொறியில் ஏற்றிச் சீர்செய்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் மஞ்சள் முழுவதும் நீங்கிவிடுகிறது. நீங்கியது காலத்தால் விளைந்த பழுதா, அல்லது அந்த இரவின் சாட்சியமா என்பதே கேள்வி. இதற்கு விடை காண, விளக்கும் வண்டியும் காமிராவும் ஒன்றோடொன்று உறவு கொண்ட வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

இரவின் நிறத்தை முதன்முதலில் சமன் செய்தவர்கள் படம் பிடிப்பவர்கள் அல்லர், இருப்புப்பாதைக்காரர்களே. பிரிட்டனில் தொடக்க காலத்துக் கைகாட்டி விளக்குகளில் சிவப்பு அபாயத்தையும், பச்சை எச்சரிக்கையையும், வெள்ளை தடையின்மையையும் குறித்தன. இம்முறையில் பெருந்தீங்கு ஒன்று மறைந்திருந்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்துவிட்டால் பின்னாலுள்ள விளக்கு வெள்ளையாகத் தெரியும். நில் என்று சொல்ல வேண்டிய கைகாட்டி, போ என்று சொல்லிவிடும். ஊர்களில் விளக்குகள் பெருகப் பெருக, வீட்டு விளக்கைக் கைகாட்டி விளக்கு என்று மயங்கவும் இடமேற்பட்டது. 1876ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தில் அபட்ஸ் ரிப்டன் என்னுமிடத்தில், பனி உறைந்து கைகாட்டிகள் தடையில்லை என்ற நிலையிலேயே நின்றுவிட்டன. வண்டிகள் மோதிப் பலர் மாண்டனர். அதன் பின் கைகாட்டி முறைகள் ஆராயப்பட்டன. 1890களில் வெள்ளை கைவிடப்பட்டு, பச்சையே தடையின்மைக்கு அடையாளமாக அங்கு நிலைபெற்றது. இந்திய இருப்புப்பாதைகளும் பெரும்பாலும் பிரிட்டிஷ் மரபையே தழுவின.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. கைகாட்டியின் பின்னால் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சுடர் மஞ்சள் நிறமானது. மஞ்சள் சுடருக்கு முன்னால் தூய பச்சைக் கண்ணாடியை வைத்தால் அதன் ஒளி மஞ்சள் கலந்த பச்சையாக மங்கித் தெரியும். ஆகையால் நீலம் மிகுந்த பச்சைக் கண்ணாடியை அமைத்தார்கள். பகலில் அருகே சென்று பார்த்தால் அக்கண்ணாடி ஏறக்குறைய நீலமாகவே தோன்றும். இரவில் மஞ்சள் சுடரும் நீலக் கண்ணாடியும் சேர்ந்து எஞ்சின் ஓட்டுநரின் கண்ணுக்கு நல்ல பச்சை ஒளியை அளித்தன. விளக்கின் குறையை அறிந்து அதற்கு எதிரான நிறத்தால் நேர் செய்வதே நிறச் சமன் செய்தலின் அடிப்படை. வண்ணப் படச் சுருள் கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரயில்வேயில் இது நடைமுறையாக இருந்தது.

காண்பவனின் கண்ணைப் பற்றிய கவலையும் இரயில்வேயிலேயே வளர்ந்தது. 1875ஆம் ஆண்டு நவம்பரில் சுவீடன் நாட்டில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரவில் இரண்டு வண்டிகள் மோதின. எஞ்சின் ஓட்டுநருக்கு நிறக்குருடு இருந்திருக்கலாம் என்று பிரித்தியோவ் ஹோம்கிரேன் என்ற உடலியல் அறிஞர் கருதினார். உண்மைக் காரணம் அதுதானா என்பது பிற்காலத்தில் ஐயத்துக்கு உள்ளாயிற்று. ஆனால் அவர் வகுத்த சோதனை நிலைத்துவிட்டது. பல நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்து, ஒத்த நிறங்களைப் பொறுக்கி எடுக்கச் சொல்வது அச்சோதனை. இருப்புப்பாதை ஊழியர்களின் நிறப் பார்வையைச் சோதித்த பின்பே வேலைக்கு அமர்த்தும் வழக்கம் உலகெங்கும் பரவ அது பெரிதும் காரணமாயிற்று. இரவிலே நிறம் என்பது அழகுக்காக உள்ளதன்று, உயிர்காப்புக்காக உள்ளது என்பதை இரயில்வே இவ்வாறு உணர்ந்திருந்தது.

இனிக் காமிராவின் நிலையைப் பார்ப்போம். பழைய கண்ணாடித் தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. சிவப்பு ஒளி அவற்றை ஒன்றும் செய்யவில்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிந்ததும் அதனாலேதான். ஓடும் இரயிலை நிறுத்தவல்ல சிவப்பு விளக்கு, படத் தட்டின் மேல் ஒரு சுவடும் பதிக்க இயலாது போயிற்று. 1873இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், தட்டின் பூச்சில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பிற நிறங்களையும் உணரும் என்று கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. அதன் பின்னரே சிவப்பு விளக்கு படத்தில் விளக்காகவே விழலாயிற்று. ஆகவே மிகப் பழைய இரவுப் படம் ஒன்றில் கைகாட்டியின் சிவப்பு ஒளி தெரியவில்லை என்றால், விளக்கு எரியவில்லை என்று முடிவு கட்டலாகாது.

1907இல் பிரான்சு நாட்டின் லூமியேர் சகோதரர்கள் ஆட்டோகுரோம் என்னும் வண்ணத் தட்டை வெளியிட்டனர். இரயில் நிலையத்துக்கு வண்டி வந்து நிற்பதைச் சலனப் படமாக எடுத்து உலகுக்குக் காட்டியவர்களும் இவர்களே. ஆட்டோகுரோம் தட்டில் உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளுக்கு மூன்று சாயங்கள் ஏற்றிப் பரப்பியிருந்தார்கள். நல்ல வெயிலிலேயே சில விநாடிகள் ஒளி காட்ட வேண்டிய அத்தட்டில் இரவு வண்டியைப் பிடிப்பது இயலாத செயல். 1935இல் கோடாக் நிறுவனம் கோடாகுரோம் சுருளை முதலில் சலனப் படத்துக்கும், மறு ஆண்டு சாதாரணக் காமிராவுக்கும் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய லியோபோல்டு மான்னெஸ், லியோபோல்டு கொடோவ்ஸ்கி இருவரும் இசைக் கலைஞர்கள் என்பது வியப்புக்குரிய செய்தி. இத்தகைய சுருள்கள் வந்த பிறகுதான் இரவின் நிறச் சிக்கல் எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தது.

சிக்கலின் மூலம் யாது? இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும்; பிறகு மஞ்சளாகும்; மேலும் சூடேற வெண்மையை அடையும். இதனைக் கொண்டு ஒளியின் நிறத்தை வெப்பநிலையால் அளக்கும் முறை ஏற்பட்டது. அளவை கெல்வின் எனப்படும். மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். வீட்டு டங்ஸ்டன் பல்பு 2,800க்கு அருகில். படப்பிடிப்பு நிலையத்து விளக்கு 3,200. நடுப்பகல் ஒளி 5,500. எண் ஏற ஏற ஒளியில் நீலம் மிகும். நம் கண் எந்த ஒளியில் இருந்தாலும் சிறிது நேரத்தில் அதற்குப் பழகிக்கொண்டு, வெள்ளைத் தாளை வெள்ளையாகவே காட்டுகிறது. கண்ணின் உணர்வுகள் தத்தம் அளவில் கூடியும் குறைந்தும் இதைச் செய்கின்றன என்று 1902இல் ஃபோன் கிரீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். படச் சுருளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எந்த ஒளிக்கென்று அதைத் தயாரித்தார்களோ, அந்த ஒளியில் மட்டுமே அதற்கு வெள்ளை வெள்ளையாகும்.

எனவே பகலுக்கு ஒரு சுருளும், டங்ஸ்டன் விளக்குக்கு ஒரு சுருளும் தனித்தனியே தயாராயின. பகற் சுருளை இரவில் பயன்படுத்த விரும்புவோர் வில்லையின் முன் நீலக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தினர். இது கைகாட்டியின் நீலக் கண்ணாடிக்கு உடன்பிறப்பு எனலாம். இதற்கான கணக்கும் எளிதே. பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் மிரெட் என்ற அளவு கிடைக்கும். 3,200 கெல்வினுக்கு 312, 5,500க்கு 182. இரண்டுக்கும் இடையிலுள்ள 130 மிரெட்டை நேர் செய்வதே அந்த நீலக் கண்ணாடியின் வேலை. இந்தக் கணக்கு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. பகல் ஒளியில் 200 கெல்வின் கூடினால் மிரெட் 6 அளவே மாறும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 2,000 கெல்வின் உள்ள சுடரில் 200 கூடினால் மிரெட் 45 மாறிவிடும். மங்கலான மஞ்சள் விளக்குகளின் நடுவே சிறு பிழையும் பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

நீலக் கண்ணாடிக்கு ஒரு விலையும் உண்டு. அது ஒளியில் நான்கில் ஒரு பங்கையே உள்ளே விடும். பத்து விநாடி திறந்திருக்க வேண்டிய காமிராவை நாற்பது விநாடி திறந்து வைக்க வேண்டும். அதுவரை நிலையத்தில் வண்டி நிற்குமா? அன்றியும் நெடுநேரம் ஒளி காட்டும்போது சுருளின் உணர்ச்சியே குன்றிவிடுகிறது. விண்மீன்களைப் படமெடுத்த வானியல் அறிஞர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் இதை அளந்து ஒரு விதி வகுத்தார். வண்ணச் சுருளில் மூன்று படலங்கள் உள்ளன. மூன்றும் ஒரே அளவில் உணர்ச்சி குன்றுவதில்லை. ஆகவே விளக்கின் நிறத்தைச் சரியாக நேர் செய்தாலும், நீண்ட நேரத்தினால் வேறொரு நிறச் சாயல் படத்தில் ஏறிவிடும். இரவு வண்டியை வண்ணத்தில் பிடிக்க முயன்றோர் இந்த இரண்டு பகைகளுக்கும் நடுவில் நின்றார்கள்.

இப்பகைகளை வேறு வழியால் வென்றவர் அமெரிக்கரான ஓ. வின்ஸ்டன் லிங்க். 1955 முதல் 1960 வரை வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா முதலிய பகுதிகளில் ஓடிய நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் இருப்புப்பாதையின் கடைசி நீராவி எஞ்சின்களை அவர் படம் எடுத்தார். இருக்கும் விளக்கை நம்பாமல், தாமே பளிச்சொளிப் பல்புகளை வரிசையாக நிறுத்தி, கம்பிகளால் இணைத்து, வண்டி வரும் கணத்தில் ஒருசேர எரியச் செய்தார். 1956 ஆகஸ்டில் யேகர் என்ற ஊரில் திறந்தவெளிப் படக் கொட்டகைக்குப் பின்னால் விரையும் வண்டியைப் படமெடுக்க நாற்பதுக்கும் மேற்பட்ட பல்புகளை ஒரே கணத்தில் எரித்தார். கரிய இரவில் வெண்ணிற நீராவி மேகம் போல் எழுவது அப்படங்களின் தனிச்சிறப்பு. அவர் வண்ணப் படங்களும் எடுத்ததுண்டு. ஆயினும் அவருக்குப் புகழ் தேடித் தந்த இரவுப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையே. நிறச் சிக்கல் அங்கே எழவே இல்லை.

ஆயினும் அந்த யேகர் படம் நமக்கு ஒரு பாடத்தையும் தருகிறது. பல்புகளின் பேரொளியில் கொட்டகைத் திரையிலிருந்த காட்சி மறைந்துவிட்டது. லிங்க் வேறொரு படச்சுருளில் தனியே பதிந்திருந்த விமானக் காட்சியை அத்திரையில் சேர்த்து அச்சிட்டார். கலைப்படைப்பு என்ற முறையில் அது போற்றத்தக்கது. ஆனால் அந்த இரவில் அங்கே என்ன தெரிந்தது என்று கேட்பவருக்கு, எது எடுத்தது, எது சேர்த்தது என்ற செய்தியும் தேவை. திருத்தம் செய்வது குற்றமன்று. செய்த திருத்தம் இன்னதென்று தெரியாமற் போவதே குறை. நிறத்தைத் திருத்துவதற்கும் இது பொருந்தும்.

லிங்கைப் போல் தம் ஒளியைத் தாமே கொண்டுசெல்ல முடியாதவர்களுக்கு நிலையத்து விளக்குகளே கதி. அவ்விளக்குகளோ 1930களிலிருந்து பெரிதும் மாறத் தொடங்கின. பாதரச ஆவி விளக்கில் ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் ஆகிய சில கோடுகளிலேயே ஒளி குவிந்திருக்கிறது. சிவப்பு மிகக் குறைவு. அதன் கீழ் நிற்கும் கருஞ்சிவப்புப் பெட்டி செங்கல் கறுத்தாற் போல் தோன்றும். குழல் விளக்கு எரியும் பெட்டியின் சன்னல்கள் பகற் சுருளில் பசுமையாக விழும். அதை நேர் செய்ய இளஞ்சிவப்பு கலந்த ஊதாக் கண்ணாடி வேண்டும். மண்ணெண்ணெய்ச் சுடருக்கும் டங்ஸ்டன் பல்புக்கும் கெல்வின் கணக்குப் பொருந்தியது. அவற்றின் ஒளியில் எல்லா நிறங்களும் சிறிதேனும் இருந்தன. இப்புதிய விளக்குகளில் சில நிறங்கள் இல்லவே இல்லை. ஆகவே அந்தக் கணக்கு இவற்றுக்கு முழுதும் பொருந்தவில்லை.

இதன் எல்லை சோடியம் விளக்கில் தெரியும். 1932இல் நெதர்லாந்தில் ஒரு சாலையில் சோடியம் விளக்குகள் ஏற்றப்பட்டன. குறைந்த அழுத்தமுள்ள இவ்விளக்கின் ஒளி ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சளே. அதன் கீழே சிவப்புப் பெட்டி, பச்சைக் கொடி, நீலச் சட்டை ஆகிய யாவும் மஞ்சளின் மங்கலாகவும் பிரகாசமாகவும் மட்டுமே வேறுபடும். அப்படத்தை எந்தக் கருவியாலும் இயல்பான நிறத்துக்குக் கொண்டுவர முடியாது. பதிவாகாத நீலத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் நீலம் வாராது. சுழியை எதனால் பெருக்கினாலும் சுழியே. 1960களில் வந்த உயர் அழுத்தச் சோடியம் விளக்கு இதனினும் மேலானது. சுமார் 2,000 கெல்வினுக்கு ஒப்பான அந்த ஒளியில் பிற நிறங்களும் ஓரளவு உண்டு. ஆதலால் ஓரளவு நேர் செய்யலாம். இந்தியாவில் நம் காலத்தவர் நினைவிலுள்ள நிலையத்து மஞ்சள் இரவு பெரும்பாலும் இவ்விளக்கினால் வந்ததே.

இலக்கக் காமிரா வந்தபோது, கண்ணாடித் துண்டுகள் செய்த வேலையை எண்கள் ஏற்றுக்கொண்டன. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், உணர்தகட்டின் புள்ளிகளுள் பாதி பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டன. இன்றைய காமிராக்களிற் பெரும்பாலானவை இதையே பின்பற்றுகின்றன. படத்தில் நடுநிலைச் சாம்பல் நிறம் என்று நமக்குத் தெரிந்த ஓரிடத்தைச் சுட்டினால், அங்கே மூன்று எண்களும் சமமாகும்படி சிவப்பையும் நீலத்தையும் கணிப்பொறி பெருக்கிக்கொள்கிறது. காமிராவின் மூலப் பதிவு கெடாமல் இருக்கும்போது இதை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றிச் செய்யலாம். நீலக் கண்ணாடியைப் போல் காமிராவை நான்கு மடங்கு நேரம் திறந்து வைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் நீலத்தைப் பல மடங்கு பெருக்கும்போது அதிலுள்ள இரைச்சற் புள்ளிகளும் பெருகி, வானம் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். விலையிலிருந்து தப்ப முடியாது. கொடுக்கும் இடம் மாறியிருக்கிறது.

அன்றியும் ஒரே படத்தில் பல விளக்குகள் இருக்கும்போது எதைச் சமன் செய்வது? மேடையிலுள்ள மஞ்சளை நீக்கினால் எஞ்சினின் முகப்பு விளக்கு நீலமாகிவிடும். கைகாட்டியின் பச்சை நீலமாகவும், மஞ்சள் விளக்கு வெள்ளையாகவும் திரியக்கூடும். இரயில்வேயில் மஞ்சளும் வெள்ளையும் வெவ்வேறு பொருள் உடையன. கைகாட்டி இன்னது சொல்லிற்று என்பதையே மாற்றிக் காட்டும் திருத்தம் திருத்தமாகாது. 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வண்டியின் வெள்ளைப் பெட்டிகளை அளவுகோலாகக் கொண்டு சமன் செய்யலாமே என்று சிலர் கருதலாம். அப்பெட்டியின் மேல் ஒரே வகை விளக்கின் ஒளி விழுந்தால் அது தகும். முன்பாதியில் ஒரு விளக்கும் பின்பாதியில் மற்றொரு விளக்கும் வீசினால், படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தே திருத்த வேண்டும்.

கண் கண்டதையே அளவுகோலாகக் கொள்வோம் என்றால் அதுவும் எளிதன்று. வெளிச்சம் குறையும்போது சிவப்பு மலர் கறுத்தும் நீல மலர் பிரகாசித்தும் தோன்றுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே கண்டு கூறினார். 1950களில் எட்வின் லாண்டு தம் சோதனைகளால், ஒரு பொருளின் நிறத்தைக் கண் அதிலிருந்து வரும் ஒளியால் மட்டும் அறிவதில்லை, சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட்டே அறிகிறது என்று காட்டினார். ஆகவே இரவு வண்டிக்கு மூன்று நிறங்கள் உண்டு என்று கொள்ளலாம். பெட்டியின் மேல் பூசிய வண்ணம் ஒன்று. விளக்கு அதன் மேல் ஏற்றிய நிறம் மற்றொன்று. மேடையில் நின்றவன் மனத்தில் பதிந்த நிறம் மூன்றாவது. மூன்றும் உண்மையே. பெட்டியின் வண்ணத்தை ஆராய்பவர் முதலாவதை நாடுவார். நிலையத்தின் வரலாற்றை எழுதுபவர் இரண்டாவதை நாடுவார். கலைஞர் மூன்றாவதை நாடுவார். எதை நாடுகிறோம் என்று முதலில் தெளிவது கடமை.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்பொழுது வருவோம். பழைய வண்ணச் சுருள்கள் பலவற்றில் சாயங்கள் காலத்தால் வெளுக்கின்றன. மூன்று சாயங்களுள் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிட்டால் படம் முழுவதும் செந்நிறமாக மாறும். சோடியம் விளக்கில் எடுத்த படமும் செம்மஞ்சளாகவே இருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்று நோய். மற்றொன்று பிறவி நிறம். வேறுபாட்டை அறிய ஒரு நல்ல வழி உண்டு. ஒளிவில்லைப் படச்சுருளில் காட்சிக்கு வெளியே, ஒளியே படாத ஓரம் ஒன்று இருக்கும். ஒளி படாத இடத்தில் மூன்று சாயங்களும் நிறைந்து நின்று கருமையாக இருப்பதே இயல்பு. விளக்கு எந்த நிறமாயினும் அந்த ஓரத்தை அது தொடவில்லை. ஓரம் இன்றும் கறுப்பாக இருந்தால், படத்திலுள்ள மஞ்சள் பெரும்பாலும் விளக்கினுடையது. அதைத் துடைப்பது சாட்சியை அழிப்பதாகும். ஓரமும் செந்நிறமாகப் பழுத்திருந்தால் சாயம் வெளுத்திருக்கிறது. ஓரம் மீண்டும் கறுப்பாகும் வரை திருத்துவது முதற்படி.

இதிலிருந்து சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. இன்று இரவு வண்டியைப் படமெடுப்பவர், அதே விளக்கின் கீழ் ஒரு சாம்பல் அட்டையையும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்தவர் ஊகிக்க வேண்டியிராது. நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைக் காமிராவில் நிறுத்தி, ஓர் இரவு முழுவதும் ஒரே அளவை வைத்துக்கொண்டால் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். சமன் செய்யும்போது மஞ்சளை முற்றும் நீக்காமல் ஒரு பகுதியை விட்டுவைத்தால், பெட்டியின் வண்ணமும் தெரியும். அது இரவுதான் என்பதும் தெரியும். கைகாட்டி விளக்குகள் தம் பெயருக்குரிய நிறத்திலேயே நிற்கின்றனவா என்று இறுதியில் சரி பார்க்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, திருத்தாத மூலத்தைத் தனியே பாதுகாத்து, என்ன விளக்கு, எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன திருத்தம் என்று நான்கு வரி எழுதி வைக்க வேண்டும்.

இரயில் நிலையங்களில் இப்பொழுது எல்.இ.டி. விளக்குகள் பரவி வருகின்றன. நீல ஒளி தரும் சிறு சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைச் சேர்த்து வெண்மையை உண்டாக்கும் விளக்கு இது. அதற்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யை உருவாக்கிய ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவர் 2014இல் நோபெல் பரிசு பெற்றனர். இவ்வொளியில் எடுத்த படங்களைச் சமன் செய்வது எளிது. ஆதலால் இனி வரும் தலைமுறை இரவு வண்டியை ஏறக்குறையப் பகல் நிறத்திலேயே கண்டு பழகும். அவர்கள் கையில் 1980ஆம் ஆண்டின் மஞ்சள் இரவுப் படம் ஒன்று கிடைத்தால், இது பழுதுபட்ட படம் என்று எண்ணித் திருத்திவிடுவது இயல்பு. மஞ்சள் விளக்கின் கீழ் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள படங்களின் பின்புறத்தில் அவர்கள் எழுதும் ஒரு வரி, அத்தவற்றைத் தடுக்கப் போதுமானது.